விளம்பிவிட்டு விளம்புங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு வழிகளில் கொரிய உணவகம் நடத்துகிறவர்களுக்கும், இனிமேல் தொடங்க நினைத்திருக்கிறவர்களுக்கும்,



நான் ஓசூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். 19 வருஷமாக இதுதான் தொழில். விடியற்காலை நாலரைக்கு முதல் பாக்கெட் கடையை விட்டுக் கிளம்பும். சிப்காட்டில் காலை ஷிஃப்டுக்குப் போகிற வீடுகளில் ஐந்து மணிக்கு இட்லிப் பானை அடுப்பில் ஏறியாக வேண்டும். உப்புப் போடுவது, மூடி வைப்பது, பொங்கக் காத்திருப்பது, புளிப்பு எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது, இவைதான் என் நாள் முழுக்க நடக்கிற வேலை. நீங்கள் கிம்ச்சி போடுவதும் இதே வேலைதான். ஒரே தொழில்காரி என்கிற நெருக்கத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துப் படியுங்கள்.

இந்தப் புரட்டாசியில் குடும்பத்தோடு மைசூர் தசரா பார்க்கப் போயிருந்தோம். நான், வீட்டுக்காரர், மகள், மகன், மாமியார், ஐந்து பேர். திரும்புகிற வழியில் பெங்களூரில் ஒரு கொரிய உணவகத்தில் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று மகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். சின்ன வயதில் புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் வந்த கொரியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவள். 2020 ஊரடங்கில் அது முற்றிப்போய், வசனத்தைக் கொரிய மொழியிலேயே திருப்பிச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அவள் தோழிகளெல்லாம் அந்த உணவகத்துக்குப் போய்வந்து படம் போட்டிருந்தார்கள். பாரம்பரியச் சமையல், கொரியப் பாட்டியின் கைப்பக்குவம் என்று ஒவ்வொரு காணொளியிலும் அதே பேச்சு. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு கடையின் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அன்று அங்கே நடந்தது நாளைக்கு உங்களில் யார் கடையிலும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றேமுக்கால் மணி நேரம் வாசலில் நின்றோம். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 71 வயது. பக்கத்துக் கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார வைத்தோம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களில் பாதிப்பேர் சாப்பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. எந்த மேசையில் வெளிச்சம் நன்றாக விழும் என்பதுதான் பேச்சு.

அன்று சனிக்கிழமை. புரட்டாசிச் சனி என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. சனிக்கிழமைகளில் அத்தை ஒரே ஒரு வேளைதான் சாப்பிடுவார். அந்த ஒரு வேளையை முன்பின் தெரியாத ஒரு சமையலில், பேத்தி ஆசைப்பட்டாள் என்பதற்காகச் சாப்பிடச் சம்மதித்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதனால் நான் இரண்டு முறை கேட்டேன். உட்கார்ந்தவுடன் ஒரு முறை, சாப்பாடு வந்தபிறகு இன்னொரு முறை. "தம்பி, இதுல மீன், இறால், முட்டை ஏதும் இல்லையே?" பரிமாறிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. தமிழ் தெரியவில்லை, கன்னடமும் தடுமாற்றம். மகள் இந்தியில் எடுத்துச் சொன்னாள். "ஃபுல் வெஜ் ஆன்ட்டி" என்றான், இரண்டு முறையும், சிரித்த முகத்தோடு.

வந்ததைச் சொல்கிறேன். கல் சட்டியில் பிபிம்பாப். அரிசி மாவு உருளைகளைச் சிவப்புக் குழம்பில் போட்ட தொக்பொக்கி. பக்கத்தில் ஆறு சின்னக் கிண்ணங்கள். சோறு நன்றாக இருந்தது, சட்டியின் சூட்டில் அடியில் காந்தி மொறுமொறுவென்று ஒட்டியிருந்தது. அத்தை அதைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். "எங்க அம்மா வெண்கலப் பானையில இப்படித்தான் சுரண்டிக் குடுப்பாங்க" என்றார். கொரியாவில் அந்தக் காந்தலுக்கு நுருங்ஜி என்று தனிப்பெயர் உண்டாம். அதில் வெந்நீர் ஊற்றி, கடைசியில் எல்லோரும் குடிப்பார்களாம். அன்று எங்களுக்கு யாரும் வெந்நீர் ஊற்றவில்லை. சட்டி சூடாறும் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காத்திருக்கிற கூட்டம் அப்படி.

மற்றதெல்லாம் இனிப்பு. குழம்பு இனிப்பு, காய் இனிப்பு, வறுவல் இனிப்பு. ஜீராவில் ஊறவைத்த மாதிரி. மிளகாயின் நிறம் இருக்கிறது, மிளகாய் இல்லை. மகனுக்குப் பதினாலு வயது, எதைக் கொடுத்தாலும் தின்கிறவன், அவனே பாதியில் வைத்துவிட்டான்.

கிம்ச்சி மட்டும் வேறு. அதைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். முட்டைக்கோஸ் தண்டு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது; வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு தெரியும். கடித்தால் நறுக்கென்று சத்தம். உடனே சின்னச் சின்னக் குமிழியாக நாக்கில் சுரீரென்று ஏறியது. வினிகர் ஊற்றிய புளிப்பு வாயில் வைத்ததும் குத்திவிட்டு ஓடிவிடும். பொங்கி வந்த புளிப்பு தாமதமாகத்தான் வரும், வந்தால் தொண்டை வரைக்கும் கூட வரும். 19 வருஷம் மாவை மோந்து பார்த்த மூக்கு இது, தப்பாகச் சொல்லாது. யாரோ ஒருவர் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுமையாகக் காத்திருந்து போட்ட கிம்ச்சி அது. அத்தை முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஏம்மா, இது நம்ம பழைய சோத்துத் தண்ணி வாசம்" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார். அதற்கு 140 ரூபாய் தனியாகப் போட்டார்கள். கேட்டது அத்தை என்பதால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பில் கட்டுகிற இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி இருந்தது. அதே கிம்ச்சியைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அத்தைக்காக ஒன்று வாங்கலாம் என்று மகள் எடுத்தாள். எடுத்தவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். என் பக்கம் நீட்டினாள். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கு 2020 விதிகளில் வந்த குறி அது. அதன் கீழே எறும்பு எழுத்தில்: உப்பிட்ட இறால், நெத்திலிச் சாறு.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தோம். பையனைக் கூப்பிட்டு மகள் காட்டினாள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அவனுக்குத் தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. இலையும் தண்டும்தானே கண்ணுக்குத் தெரிகிறது, காய்கறிதான் என்று அவனும் நினைத்திருக்கிறான். மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார், காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அத்தை வேண்டாம் என்றுவிட்டார்.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடிக்குள் நுழைகிற வரைக்கும் காரில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டார். விளக்கேற்றினார். பிறகு மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். "தெரியாம சாப்பிட்டது, பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டார். நீ எதுக்கு அழற?" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் மனதில் இருப்பது இதுதான். அந்த மேசையில் உண்மையாகப் பொங்கியிருந்த ஒரே பண்டம் கிம்ச்சி. எங்கள் வீட்டு நாக்கு அடையாளம் கண்டுகொண்டதும் அதைத்தான். அதைப் பற்றித்தான் எங்களுக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சுவரெல்லாம் எழுதியிருந்தீர்கள், விளக்குப் போட்டிருந்தீர்கள், ஊரெல்லாம் காணொளி விட்டிருந்தீர்கள். ஒரு கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

நான் பிறந்தது நாகர்கோவில் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுகிற வீட்டில் வாழ்கிறேன். எங்கள் ஊரில் பந்தியில் சோறு போடுவதை விளம்புவது என்றுதான் சொல்வோம். "சோறு விளம்பியாச்சா?" என்று கேட்பார்கள். விளம்புவது என்றால் சொல்வது, எல்லோரும் அறியச் சொல்வது என்றும் பொருள். பந்தியில் விளம்புகிறவர் சும்மா போட்டுக்கொண்டு போகமாட்டார். "அவியல்", "எரிசேரி", "புளிசேரி" என்று சொல்லிக்கொண்டேதான் போடுவார். வேண்டாதவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்துக்கொள்வார். சொன்னால்தானே கையை நீட்ட முடியும்? எங்கள் அப்பா கல்யாணப் பந்திகளில் விளம்பியவர். பேரைச் சொல்லாமல் இலையில் எதையும் வைக்கக்கூடாது என்பதில் கறாராக இருப்பார்.

உங்கள் சமையலில் மீன் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அதற்குப் பிறகு மகள் உட்கார்ந்து தேடினாள். கிம்ச்சி பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்த்துத்தான் போடுவது வழக்கம். சோயா விழுதுக் குழம்பான தென்ஜாங் ஜிகே பார்வைக்கு நம் பருப்புக் குழம்பு மாதிரி இருக்கும், அதன் தண்ணீர் பெரும்பாலும் நெத்திலியைக் கொதிக்கவைத்து இறுத்த தண்ணீர். தொக்பொக்கிக்கும் அதே தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் தட்டையாக மடித்துப் போட்டிருப்பது பல நேரம் மீன் விழுதில் செய்த அப்பளம் மாதிரியான பண்டம். இதில் குற்றம் ஒன்றுமில்லை, அது கொரியர்கள் ஊர்ச் சமையல். மூன்று பக்கமும் கடல் உள்ள நாடு. எங்கள் நாஞ்சில் நாட்டிலும் கருவாடு மணக்காத வீடு குறைவு. நான் புரட்டாசி தவிர மற்ற மாதங்களில் விரும்பிச் சாப்பிடுகிறவள். ஆனால் கருவாட்டுக் குழம்பைக் காய்க் குழம்பு என்று சொல்லி யாருக்கும் நான் ஊற்றமாட்டேன்.

மீன் இல்லாமல் செய்ய முடியாது என்றும் இல்லை. கொரியாவின் பௌத்த மடங்களில் மீனும் இறைச்சியும் கிடையாது. பூண்டு, வெங்காயம் வகையறாக்கள் ஐந்தையும்கூட ஒதுக்குகிறார்கள். பெக்யாங்சா மடத்தைச் சேர்ந்த பிக்குணி ஜொங் குவான் சமைப்பதை 2017இல் நெட்ஃபிளிக்ஸின் 'செஃப்ஸ் டேபிள்' தொடரில் உலகமே பார்த்தது. சோயா, காளான், கடற்பாசி, காலம், இவ்வளவுதான் அவர் சமையல். பாரம்பரியம் என்று பலகையில் எழுதுகிறீர்களே, அதுவும் அங்கே பல நூற்றாண்டுப் பாரம்பரியம்தான். புரட்டாசியும் மார்கழியும் சபரிமலை மாலையும் உள்ள ஊரில் கடை போடுகிறவர்கள் அந்த மடத்துச் சமையலைக் கற்றுக்கொண்டு வந்தால் எத்தனை குடும்பங்கள் உங்கள் வாசலுக்கு வரும்!

ஓசூருக்கு வந்த சாப்பாடெல்லாம் ஆளோடு சேர்ந்து வந்த சாப்பாடு. சிப்காட் வந்தது, வண்டிக் கம்பெனி, கடிகாரக் கம்பெனி வந்தன, கூடவே ஆந்திரா மெஸ், கேரளாக் கடை, உடுப்பி ஓட்டல் வந்தன. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், உத்தனப்பள்ளிப் பக்கம் செல்போன் உதிரிபாகம். ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்காக ரொட்டிக் கடைகள் வந்துவிட்டன. என் கடைக்கு மாவு வாங்க வருகிற ஒரு ஒடிசாப் பெண், பழைய சோற்றை அவர்கள் ஊரில் பகாளா என்பார்கள் என்று சொல்லி, அதை அம்மா எப்படித் தாளிப்பார் என்றும் சொல்லித்தந்தாள். ஆளோடு வந்த சாப்பாட்டுக்கு இப்படி ஒரு வாய் இருக்கும். என்ன போட்டாய் என்று கேட்டால் பதில் சொல்லும்.

ஸ்ரீபெரும்புதூரிலும் கொரியச் சாப்பாடு அப்படித்தான் வந்தது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கட்ட ஆரம்பித்து, 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதோடு உதிரிபாகக் கம்பெனிகள், அவற்றோடு கொரியப் பொறியாளர்கள், அவர்களுக்குச் சமைக்க ஆட்கள். என் தம்பி அங்கே ஒரு கம்பெனியில் 2003இல் சேர்ந்தான். கொரிய எழுத்தில் மட்டுமே பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகளை அப்போதே பார்த்திருக்கிறான். அவனுடைய மேற்பார்வையாளர் ஒரு கொரியர். காலையில் பார்த்தவுடன் அவர் கேட்கிற முதல் கேள்வி, சோறு சாப்பிட்டாயா என்பதுதான். பாப் என்றால் சோறு. குசலம் விசாரிக்க அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். நம்மைப் போலவேதான். தம்பிக்கு முதல் ஆறு மாதம் கொரிய மொழியில் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான்; அதை வைத்தே அவர்கள் இரண்டு பேரும் சினேகமாகிவிட்டார்கள். ஒரு நாள் அவர் தம்பிக்குத் தன் டப்பாவிலிருந்து கிம்ச்சி எடுத்துத் தரும்போது, மீன் வரைந்து காட்டித் தந்தாராம். மொழி தெரியாத மனிதர் ஒரு தாளில் மீன் வரைந்து காட்டிவிட்டு விளம்பியிருக்கிறார்!

எங்கள் பக்கம் வருகிற கொரியக் கடைகள் ஆளோடு வரவில்லை, படத்தோடு வருகின்றன. அதனால் வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என் மகளைப் போன்ற பிள்ளைகள் உண்மையான ஆசையோடு காத்திருக்கிறார்கள். ஆனால் படத்துக்கு வாய் கிடையாது. ஆள் சொல்லவேண்டியதையெல்லாம் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கொரியாவும் தமிழ்நாடும் சொந்தம் என்று உங்கள் சாப்பாட்டு அட்டைகளில் எழுதுகிறீர்கள். அம்மா, அப்பா சொற்கள், கடல் கடந்து போன இளவரசி என்றெல்லாம். ஹல்பர்ட் என்கிற அமெரிக்க மிஷனரி 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார் என்று மகள் சொல்வாள். இன்றைய மொழியறிஞர்கள் அதை ஏற்கவில்லை என்றும் அவளே சொல்வாள். இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக்கின் கதை 13ஆம் நூற்றாண்டின் 'சம்குக் யூசா'வில் இருக்கிறது. அவர் வந்த ஆயுதா எங்கே என்பதில் அயோத்தி என்று ஒரு சாரார், எங்கள் குமரிப் பக்கத்து ஆய் நாடு என்று இன்னொரு சாரார். இருக்கட்டும். மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் தேவையில்லை. கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிற சொந்தம் போதும்.

மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கும் அது வந்தேறி, கொரியர்களுக்கும் வந்தேறி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது. தெரிந்த மிளகின் பெயரை வைத்து மிளகாய் என்றோம். கொரியாவுக்கு ஜப்பான் வழியாகப் போயிற்று; 1614இல் எழுதப்பட்ட 'ஜிபோங் யூசொல்' என்கிற நூல் அதை ஜப்பான் கடுகு என்கிற பெயரில் குறிக்கிறது. அதற்கு முன்பும் கிம்ச்சி இருந்தது, சிவப்பாக இல்லாமல். நம் குழம்பும் அப்படித்தான்.

அதைவிட நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. கிம்ச்சியைப் பொங்கவைக்கிற நுண்ணுயிரிகளில் முக்கியமான ஒன்று லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ். இட்லி மாவைப் பொங்கவைப்பதிலும் முன்னால் நிற்பது அதே உயிர்தான். மகள் இதைப் பாடப்புத்தகத்தில் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 19 வருஷமாக என் கையிலும், கிரைண்டர் கல்லிலும், உளுந்திலும் இருந்துகொண்டு எனக்குச் சோறு போடுகிற உயிர், சியோலில் ஏதோ ஒரு கிழவியின் மண் ஜாடியிலும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அதனால் ஐப்பசி முடிந்ததும் நாங்களே போட்டுப் பார்த்தோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கார்த்திகை பிறந்தால் என் தொழிலுக்குக் கஷ்ட காலம். மாவு பொங்காது. டிரம்மைச் சாக்குப் போட்டுச் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வெந்தயத்தைக் கூட்டிப் போட்டு, அப்படியும் நள்ளிரவில் எழுந்து பார்க்க வேண்டும். கிம்ச்சிக்கு இந்தக் குளிர்தான் வரப்பிரசாதம். கொரியாவில் பனி இறங்கும் முன் ஊரே கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடுவதைக் கிம்ஜாங் என்கிறார்கள், யுனெஸ்கோ 2013இல் அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜாடிகளை மண்ணில் புதைத்து வைப்பார்களாம், மெதுவாகப் பொங்கவேண்டும் என்பதற்காக. ஓசூர் எங்களுக்கு அந்தக் குளிரைக் காசில்லாமல் தருகிறது.

முள்ளங்கியில் போட்டோம். கக்துகி என்று பெயர். உழவர் சந்தையில் காலையில் வந்த வெள்ளை முள்ளங்கி நாலு கிலோ. தாயக்கட்டை அளவுக்கு நறுக்கி, கல் உப்புப் புரட்டி இரண்டு மணி நேரம். அவர்கள் பசையரிசிக் கஞ்சி சேர்ப்பார்கள். நாங்கள் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்துச் சேர்த்தோம். அத்தையின் யோசனை அது. களி கிண்டிய கை, கஞ்சியின் பதம் அவருக்குத்தான் தெரியும். மிளகாய்க்கு எல்லை தாண்டி வருகிற பியாடகி. காரம் குறைவு, நிறம் குங்குமம், கொரிய மிளகாய்த் தூளுக்கு மிக அருகில் வருகிறது. பூண்டு, இஞ்சி, வெங்காயத் தாள். மீனுக்குப் பதில் காளானைக் கொதிக்கவைத்த தண்ணீரும் கொஞ்சம் சோயாவும். பிசைந்து, காற்றுப் போக இடம் விட்டு, ஊறுகாய் ஜாடியில் அழுத்தி வைத்தோம். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஒன்பதாம் நாள் அந்தச் சுரீர் வந்தது. அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நீங்களும் செய்யலாம். ராயக்கோட்டைத் தக்காளியும் சூளகிரிக் கீரையும் முள்ளங்கியும் முட்டைக்கோஸும் விலை விழுந்தால் சாலையோரம் கொட்டப்படுகிற ஊர் இது. அவற்றை வாங்குங்கள். கப்பலில் வந்த பாட்டிலை உடைத்து ஊற்றுகிற கடைக்கும், பின்கட்டில் பத்து ஜாடி வைத்திருக்கிற கடைக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் மக்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களுக்கு இனிப்புப் போட்டுத் தரவேண்டியதில்லை. பழைய சோறும் புளித்த மோரும் களியும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். புளிப்பைத் தாங்குவோம். பொங்கியதைப் பொங்கியபடியே கொடுங்கள்.

சாப்பாட்டு அட்டையில் ஒவ்வொரு பண்டத்துக்குப் பக்கத்திலும் மீன் உண்டு, இறால் உண்டு, முட்டை உண்டு, சோயா உண்டு என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள், மீன் படம் போடுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது விரத விஷயம் அல்ல, உயிர் விஷயம். பரிமாறுகிற பிள்ளைகளைச் சமையற்கட்டுக்குள் கூட்டிப்போய், எந்த ஜாடியில் என்ன இருக்கிறது என்று காட்டி, ருசி பார்க்கச் சொல்லுங்கள். எங்கோ பிறந்து, மொழி தெரியாத ஊரில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிற அந்தப் பிள்ளைகளைத் தெரியாமல் பொய் சொல்ல வைக்காதீர்கள். "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கொடுங்கள். சின்னக் கிண்ணங்கள் தீர்ந்தால் கொரியாவில் மறுபடி நிரப்புவார்களாம், காசு வாங்காமல். பந்தியில் நாமும் அப்படித்தான். முடிந்தால் அதையும் செய்யுங்கள். காந்தல் சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கொடுங்கள். பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுங்கள்.

பெங்களூரு மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் கடைகளும் அதே வழியாக எங்கள் பக்கம் இறங்கும். வாருங்கள். ஜாடி போட இடமும் குளிரும் காயும் இங்கே இருக்கின்றன. கஞ்சியின் பதம் கேட்டு யாராவது வந்தால் அத்தை சொல்லித்தருவார், நானும் இருப்பேன்.

நேற்று இரண்டாவது ஜாடிக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தோம். அத்தை கையை நிறுத்திவிட்டு, "அன்னிக்கு நமக்குப் போட்டானே, அந்தப் பையன், இன்னும் அங்கதான் இருக்கானா?" என்று மகளைக் கேட்டார். தெரியாது அவ்வா என்றாள் அவள். "விசாரி. பாவம், முகமே செத்துப்போச்சு அவனுக்கு. இது பொங்கினதும் ஒரு டப்பா குடுத்தனுப்பலாம். மேல ஒரு சீட்டு ஒட்டு. என்னென்ன போட்டிருக்கோம்னு அவன் பாஷையில எழுது."

இப்படிக்கு,
ஓசூரில் மாவு அரைக்கும் ஒருத்தி